தூண்டுதலும் சினமூட்டலும்: பழவேற்காட்டுக் கரையை முன்வைத்து ஒரு சொற்பொருள் வினா

முதுகலை வகுப்பின் மொழிபெயர்ப்புப் பயிற்சியில் மூன்று ஆங்கிலத் தொடர்களை மாணவர்க்குக் கொடுப்பது என் வழக்கம். ஒன்றில் 'பிரவோக்', அடுத்ததில் 'இன்சைட்', மூன்றாவதில் 'இன்ஸ்டிகேட்' என்னும் வினை அமைந்திருக்கும். விடைத்தாள்களில் மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே விடைதான் காணப்படும்: 'தூண்டினான்'. இதனைப் பிழையென்று சுழிக்க எனக்குத் தயக்கம் உண்டு. மாணவர் இதனைத் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. நாளிதழிலிருந்தும் காவல் நிலைய ஆவணங்களின் மொழியிலிருந்தும் கற்றிருக்கின்றனர். தற்கொலைக்குத் தூண்டியதாக வழக்கு, கலவரத்தைத் தூண்டும் வகையில் நடந்ததாக வழக்கு, பொதுமக்களைத் தூண்டிவிட்டதாகக் கைது என்பன நாள்தோறும் நாம் படிக்கும் தொடர்கள். ஆங்கிலச் சட்ட வழக்கில் முதலாவது 'அபெட்மென்ட்', இரண்டாவது 'பிரவகேஷன்', மூன்றாவது 'இன்சைட்மென்ட்'. தமிழில் மூன்றும் ஒன்றாகிவிட்டன.

ஒருபொருட்பன்மொழி குறைந்துவிட்டதே என்பதன்று என் கவலை. ஒரு சொல் பல வேலை செய்வது மொழிக்கு இயல்பு. ஆனால் இங்கு இழக்கப்படுவது சொல்லின் நயமன்று, ஆட்களின் இடம். சினம் எழும் நிகழ்வில் மூவர் இருக்கலாம்: தீங்கு செய்தவர், அத்தீங்கால் சினந்தவர், இடையில் நின்று சினத்தைக் கிளப்பியவர். இம்மூவருள் எவரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் காட்டிவிடுகின்றன. 'தூண்டு' என்னும் நம் பொதுச்சொல் முதலாமவரை மறைத்து மூன்றாமவரை மட்டுமே முன்னிறுத்துகிறது. இதன் விளைவைக் காண மீஞ்சூருக்குக் கிழக்கே, கடற்கரைக்குச் செல்ல வேண்டும்.

எண்ணூர்க் கழிமுகத்துக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் இடைப்பட்ட கரை அது. கழிமுகத்தின் வடபால் வடசென்னை அனல் மின் நிலையம், 2001இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் (இன்றைய காமராசர் துறைமுகம்), காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, தனியார் துறைமுகம் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை பல. அனல் மின் நிலையச் சாம்பல் கொசத்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்தமை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்ற செய்தி. லார்சன் அண்ட் டூப்ரோ கட்டிய காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. அதன் பரப்பை ஏறத்தாழ 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கும் மேலாக விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அதற்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 சனவரியில் அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பரிலும் அவ்வாறே அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. இக்காலம் முழுதும் குப்பங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. எதிர்ப்பு எழும்போதெல்லாம் கூடவே எழும் ஒரு வாய்பாட்டைத் தமிழகம் நன்கறியும்: 'மீனவர்கள் தூண்டிவிடப்படுகின்றனர்.' கூடங்குளம் அணு உலையை எதிர்த்து 2011, 2012ஆம் ஆண்டுகளில் இடிந்தகரை மீனவர் போராடியபோதும் இதுவே சொல்லப்பட்டது. ஆயிரக்கணக்கானோர்மீது அரசத்துரோகப் பிரிவில் வழக்குகள் பதியப்பட்டன. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் 'சமூக விரோதிகள் ஊடுருவினர்' என்னும் தொடர் பரவலாகப் புழங்கியது. ஊடுருவல் என்பதும் தூண்டலின் உடன்பிறப்புத்தான்.

இவ்வாய்பாடு உண்மையா பொய்யா என்று ஆராய்வது இக்கட்டுரையின் வேலையன்று. அதன் இலக்கணமே என் பொருள்.

ஆங்கிலச் சொற்களின் வேர்கள்

ஆங்கிலத்தில் சினத்தைக் கிளப்புதலைக் குறிக்கும் சொற்களில் பல இலத்தீன் வழி வந்தவை. ஒவ்வொன்றும் ஓர் உருவகத்தைச் சுமந்து நிற்கிறது. 'இன்சென்ஸ்', 'இன்ஃபிளேம்' இரண்டும் தீ வைத்தல். 'எக்ஸாஸ்பரேட்' சொரசொரப்பாக்குதல், உப்பு நீரில் ஊறிய கயிறு உள்ளங்கையை அறுப்பதை நினைத்துக்கொண்டால் பொருள் விளங்கும். 'அஜிடேட்' அசைத்தல், கலக்குதல். 'இன்ஸ்டிகேட்' என்பதன் வேர் குத்தி விரட்டுதலைக் குறிப்பது. நம் தாற்றுக்கோலின் வேலை அது. 'இன்சைட்' விரைந்து இயங்கச் செய்தல். எனக்கு மிகவும் வியப்பளிப்பது 'ஃபொமென்ட்' என்பதாகும். கலகத்தை ஃபொமென்ட் செய்தான் என்று எழுதும் ஆங்கிலேயர், அச்சொல் முதலில் ஒத்தடத்தைக் குறித்தது என்பதை மறந்திருப்பர். இலத்தீனில் அது வெதுவெதுப்பாக வைத்துப் பேணுதல். வீங்கிய இடத்தில் சுடுநீர்த் துணி வைத்துக் கொடுக்கும் ஒத்தடமே பின்னர் கலகத்தை அடைகாக்கும் சொல்லாயிற்று. இதனைத் 'தூண்டினான்' என்று பெயர்த்தால் உள்ளே இருந்த மெல்லிய, நெடிய, மறைவான செயல் முழுதும் போய்விடும்.

'பிரவோக்' இவற்றிலிருந்து விலகி நிற்கிறது. அதன் நேர்ப்பொருள் 'வெளியே வா என அழைத்தல்'. பண்டைய உரோமில் அதன் பெயர்ச்சொல் வடிவம் ஒரு சட்ட உரிமையின் பெயராகவே இருந்தது. ஆட்சியாளர் விதித்த கடுந்தண்டனையை எதிர்த்து ஒரு குடிமகன் மக்கள் மன்றத்தை நோக்கி முறையிடும் உரிமைக்குப் 'புரோவோகாத்தியோ' என்று பெயர். முறையீட்டின் பெயரே காலப்போக்கில் சினமூட்டலின் பெயராக மாறியது. இவ்வரலாற்றிலிருந்து பெரிய முடிவு எதனையும் நான் எடுக்கவில்லை. சொற்பிறப்பு இன்றைய பொருளை ஆளுவதில்லை என்பதை நம் துறையில் அடிக்கடி மறக்கிறோம். எனினும் இன்றைய ஆங்கில வழக்கிலும் பிரவோக் என்பதன் எழுவாய் பெரும்பாலும் தீங்கு செய்தவராகவோ தீங்காகவோ இருக்கிறது. இன்சைட் என்பதன் எழுவாய் இடையில் நின்றவராகவே இருக்கிறார். ஒருவர் என் வீட்டை இடித்து எனக்குச் சினம் வரச் செய்தால் அது முதலாவது. என் வீடு இடிந்ததைக் காட்டி இன்னொருவர் என்னை அவர்மீது ஏவினால் அது இரண்டாவது. முதலாவதில் குற்றம் இடித்தவரைச் சார்கிறது. இரண்டாவதில் ஏவியவரைச் சார்கிறது. சினந்தவர் இரண்டிலும் ஒருவரே.

சட்டத்தில் இவ்வேறுபாடு

இது வெறும் அகராதி நுட்பமன்று. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் இவ்வேறுபாட்டின்மீதே சில பிரிவுகளைக் கட்டியது. கொலைக்குரிய 300ஆம் பிரிவின் முதல் விதிவிலக்கு, கடுமையானதும் திடீரென்றதுமான பிரவகேஷனால் தன்னடக்கம் இழந்தவனின் குற்றத்தைக் குறைத்து எண்ணுகிறது. சினமூட்டப்பட்டவனிடம் சட்டம் காட்டும் பரிவு அது. 1961இல் நானாவதி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஓர் அளவுகோல் சொன்னது: குற்றம் சாட்டப்பட்டவர் எச்சமூகத்தைச் சார்ந்தவரோ அச்சமூகத்தின் நியாயமான மனிதர் ஒருவர் அந்நிலையில் நின்றால் தன்னடக்கம் இழந்திருப்பாரா என்று பார்க்க வேண்டும். அஃதாவது, சினத்தை அளக்க விரும்புபவர் முதலில் சினந்தவரின் ஊரில் சென்று நிற்க வேண்டும்.

153ஆம் பிரிவு இன்னும் நெருங்கிய சான்று. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்கிதாவில் அது 192ஆம் பிரிவு. 'கலவரத்தைத் தூண்டுதல்' என்று நாம் சுருக்கும் இப்பிரிவின் ஆங்கில வாசகம் பேச்சைப் பற்றியதே அன்று. சட்டத்துக்குப் புறம்பான ஒரு செயலைச் செய்து, அதனால் இன்னொருவருக்குச் சினம் மூண்டு கலவரம் விளையட்டும் என எண்ணியோ, விளையக்கூடும் என அறிந்தோ நடப்பவனையே அது குறிக்கிறது. குற்றத்தின் மையம் சட்டப் புறம்பான செயல். தமிழ் வாய்பாட்டில் அச்செயல் காணாமற்போய், மேடையில் பேசியவர் மட்டும் எஞ்சுகிறார். சாம்பல் கொட்டுவது இப்பிரிவின்கீழ் வரும் என்று நான் வாதிடவில்லை; அது சட்டத்தாரின் வேலை. சட்டம் யாரைச் சுட்டியதோ அவரை மொழிபெயர்ப்பு சுட்டவில்லை என்பதே என் கூற்று.

ஆங்கிலத்திலும் குழப்பம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2001இல் ரமேஷ்குமார் எதிர் சத்தீசுகர் மாநிலம் என்னும் வழக்கில், இன்ஸ்டிகேட் என்பதை விளக்க வந்த உச்ச நீதிமன்றம், குத்தி விரட்டல், முன்தள்ளல், பிரவோக், இன்சைட், ஊக்குதல் ஆகியவற்றை ஒரே மூச்சில் அடுக்கியது. நான் பிரித்துக் காட்டிய சொற்கள் அங்கே ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. ஆனால் அதே தீர்ப்பு, விளைவைக் கருதாமல் சினத்தின் வேகத்தில் வெளிப்பட்ட சொல் இன்ஸ்டிகேஷன் ஆகாது என்றும் சொன்னது. சினத்தில் பேசுபவன் வேறு, சினத்தை ஏவுபவன் வேறு என்னும் கோட்டை அத்தீர்ப்பு அழிக்கவில்லை. 2015இல் சிரேயா சிங்கால் வழக்கில் விவாதித்தல், ஒரு கருத்துக்காக வாதாடுதல், இன்சைட் செய்தல் என்று மூன்று படிகளைப் பிரித்த நீதிமன்றம், மூன்றாம் படியை எட்டும்போதே பேச்சைக் கட்டுப்படுத்தலாம் என்றது. தமிழ்ச் செய்தித் தொடரில் முதற்படியில் நிற்பவரும் 'தூண்டினார்' என்றே எழுதப்படுகிறார்.

நான்காம் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும்

தமிழில் சொல் இல்லையா? நிரம்ப உண்டு. சினமூட்டு, ஆத்திரமூட்டு, சீண்டு, உசுப்பு, ஏவு, மூட்டிவிடு, கொம்பு சீவிவிடு, கோள்மூட்டு, கிளறு என அடுக்கலாம். வடசென்னைப் பேச்சில் கடுப்பேத்து, வெறுப்பேத்து, காண்டாக்கு என்பன வழங்குகின்றன. இவற்றைப் பொருள் நோக்கி இரு கூறாக்கினால் ஒரு செய்தி புலப்படும். கொம்பு சீவிவிடுபவன் இடையில் நிற்பவன். வெறுப்பேத்துபவன் எதிரில் நிற்பவன். இவ்வேறுபாட்டைப் பேச்சுத் தமிழர் ஒருபோதும் தவறவிடுவதில்லை. எழுத்துத் தமிழே தவறவிட்டது.

காரணம் 'தூண்டு' என்னும் சொல்லின் மிகையான உழைப்பு எனக் கருதுகிறேன். விளக்குத் திரியை முன்தள்ளி ஒளிபெறச் செய்தலே அதன் பழைய, அழகிய வழக்கு. 'தூண்டில்' என்பதும் உடன் நினைவுக்கு வரும். குப்பங்களைப் பற்றி எழுதும்போது அந்நினைவைத் தவிர்க்க இயலாது. கலைச்சொல்லாக்கக் காலத்தில் இச்சொல்லின்மேல் இயற்பியலார் மின்தூண்டலை ஏற்றினர். உளவியலார் தூண்டல்–துலங்கல் என்னும் இணையை ஏற்றினர். உளவியலில் தூண்டல் வந்தால் துலங்கல் வந்தே தீரும். நடுவில் எண்ணமோ நியாயமோ வேண்டியதில்லை. 'மீனவர் தூண்டப்பட்டனர்' என்னும் தொடரில் இப்புதிய வாடையும் கலந்துவிட்டது. ஆய்வுக்கூடத் தவளையின் கால் துடிப்பதுபோல அவர்கள் கரையில் கூடினர் என்றாகிறது.

வேற்றுமை உருபைக் கவனித்தால் இது மேலும் தெளிவுபெறும். 'தூண்டு' இரண்டாம் வேற்றுமையை ஏற்கும்: மீனவரைத் தூண்டினார். 'சினமூட்டு' நான்காம் வேற்றுமையை ஏற்கும்: மீனவர்க்குச் சினமூட்டியது. குழந்தைக்குச் சோறூட்டுவதுபோல ஏற்பவர் ஒருவர் அங்கு உண்டு. தமிழில் உள்ளத்து நிகழ்வுகள் பெரிதும் நான்காம் வேற்றுமைக்கு உரியவை: எனக்குப் பசிக்கிறது, அவளுக்குக் கோபம் வந்தது, அவர்களுக்குப் பொறுக்கவில்லை. நான்காம் வேற்றுமையில் நிற்பவர் சினத்தின் உடைமையாளர். இரண்டாம் வேற்றுமைக்கு வந்ததும் அவர் பிறர் கைப்பட்ட பொருளாகிறார். செயப்பாட்டுவினை சேர்ந்துவிட்டால் கைப்பட்டது யாரிடம் என்பதும் மறைந்துவிடும். 'தூண்டிவிடப்படுகின்றனர்' என்பதில் எழுவாய் மீனவர். வினைமுதலோ தொடரிலேயே இல்லை.

இங்கு ஒரு புணர்ச்சிக் குறிப்பையும் சொல்லிவிடுகிறேன். சினமூட்டு என்பதைச் சினம் + ஊட்டு என்றும் பிரிக்கலாம். மகர ஈறு கெட்டுப் புணர்ந்ததாகக் கொண்டு சினம் + மூட்டு என்றும் பிரிக்கலாம். ஒன்று உணவு, மற்றொன்று தீ. ஆங்கிலத்தில் இரு குடும்பங்களாகப் பிரிந்து கிடக்கும் உருவகங்கள் தமிழில் ஒரு சொல்லின் இரு கதவுகளாக உள்ளன. எதிர்த்து நிற்பவன் ஊட்டுகிறான், இடையில் நிற்பவன் மூட்டுகிறான் என்று வரையறுத்துக்கொண்டால் கலைச்சொல்லுக்கு வேறெங்கும் அலைய வேண்டியதில்லை. பிரவகேஷனுக்குச் சினமூட்டல், இன்சைட்மென்டுக்கு மூட்டிவிடல், இன்ஸ்டிகேஷனுக்கு ஏவிவிடல், அபெட்மென்டுக்கு உடந்தை. நான்கும் வழக்கிலுள்ள சொற்களே. எதனையும் நான் புனையவில்லை.

அயல்நாட்டுச் செய்திகளில் நம் இதழ்கள் இவ்வேறுபாட்டைப் பேணுவதையும் காணலாம். ஒரு நாடு எல்லையோரத்தில் ஏவுகணை செலுத்தினால் அது 'ஆத்திரமூட்டும் செயல்'. இலங்கைத் தமிழ் அரசியல் எழுத்திலும் 'ஆத்திரமூட்டல்' நெடுநாள் வழக்கு. அரசுகளுக்கு ஆத்திரம் மூட்டப்படுகிறது, குப்பத்தார்மட்டும் தூண்டிவிடப்படுகின்றனர். 'கிளர்ச்சி' என்னும் சொல்லின் இறக்கமும் இதனோடு ஒப்பிடத்தக்கது. 1938இன் இந்தி எதிர்ப்பை அதனை நடத்தியவர்களே கிளர்ச்சி என்று பெருமையுடன் அழைத்தனர். இன்று கிளர்ச்சியாளர் என்றவுடன் ஏதோவொரு நாட்டில் துப்பாக்கி ஏந்தியவர் நினைவுக்கு வருகிறார். உள்ளூரில் கிளர்ந்தவர்க்குப் 'போராட்டக்காரர்' என்னும் பெயர் எஞ்சியது. அதுவும் எவ்வளவு காலத்துக்கோ.

தொல்காப்பிய நோக்கு

வெகுளி எங்கிருந்து பிறக்கிறது என்னும் வினாவுக்கு மெய்ப்பாட்டியல் தரும் விடையை நாம் வகுப்பில் மனப்பாடமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அலைத்துத் துன்புறுத்தல், கொல்லுதல் ஆகிய நான்கும் வெகுளியின் நிலைக்களன்கள். நான்கும் சினந்தவர்க்குப் பிறர் செய்த தீங்குகள். இடையில் நின்று மூட்டிவிடுபவருக்கு அப்பட்டியலில் இடமே இல்லை. கோள் சொல்வார் அக்காலத்தில் இல்லாமலில்லை. ஆயினும் வெகுளியின் பிறப்பிடமாக அவரை நூல் கொள்ளவில்லை. மேலும் இந்நான்கும் வெறுப்பின் வழி வருவனவாகச் சொல்லப்படுகின்றன. வடசென்னையின் 'வெறுப்பேத்து' என்னும் வினை இக்கருத்துக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதைப் பேச்சுவழக்கை இழிவாக எண்ணுவோர் கவனிக்கலாம்.

இவற்றுள் 'குடிகோள்' என்பதற்கு உரைமரபில் ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கம் உண்டு. தமக்குக் கீழ் வாழ்வாரை நலிதல் என்பது ஒன்று. மனைவி, சுற்றம், குடிப்பிறப்பு முதலியவற்றுக்குக் கேடு சூழ்தல் என்பது மற்றொன்று. பழவேற்காட்டை வைத்துப் பார்க்கும்போது இவ்விரு விளக்கங்களும் முரண்படவில்லை. அங்கு ஏரியில் மீன்பிடிக்கும் இடமும் முறையும் 'பாடு' எனப்படும். ஆண்டிகுப்பம், நடூர்மாதாக்குப்பம், கோட்டைக்குப்பம் ஆகிய ஊர்களில் சீட்டுக் குலுக்கிப் பாட்டை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு ஆய்வாளர் பலரால் பதிவுசெய்யப்பட்டிருக்கிறது. பாடு என்பது தனியாள் சொத்தன்று; குடிக்கு உரியது, குடியில் பிறந்தமையால் கிடைப்பது. ஒருவர் முறையில் இன்னொருவர் வலை விரித்தால் எழும் சினத்துக்கு ஊர் முதலில் கேட்கும் வினா 'முறை தாண்டியது யார்?' என்பதாகத்தான் இருக்க முடியும். சினந்தவரை யார் ஏற்றிவிட்டார் என்பது அதன் பின்னரே எழக்கூடியது. பாடு அமைந்த நீர்ப்பரப்பே மாறிப்போகும்போதும், துறைமுகச் சுவருக்கு வடக்கே கரை அரிக்கப்படும்போதும் எழும் சினத்துக்குப் பெயர் தேடினால், குடிகோள் வழிப்பட்ட வெகுளி என்பதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

சில மறுப்புகள்

உண்மையிலேயே மூட்டிவிடுபவர் இல்லையா எனக் கேட்கலாம். உண்டு. ஒரு குப்பத்தின்மீது மற்றொரு குப்பத்தை, ஒரு சமயத்தார்மீது மற்றொரு சமயத்தாரைப் பொய்ச்செய்தி பரப்பி ஏவுபவர் எக்கரையிலும் உண்டு. பழைய 153அ பிரிவும் இன்றைய 196ஆம் பிரிவும் அவர்களுக்கானவை. அவர்களைத் துல்லியமாகச் சுட்டவும் தனிச்சொல் வேண்டும். தீங்குற்றவரின் பக்கம் நின்று பேசியவரையும் இல்லாத தீங்கைச் சொல்லி வெறியேற்றியவரையும் 'தூண்டியவர்' என்றே எழுதினால், பின்னவருக்கே அதில் ஆதாயம்.

சூழலைக் கொண்டு படிப்பவர் புரிந்துகொள்வர் என்பது இன்னொரு மறுப்பு. கட்டுரைக்கு அது பொருந்தலாம், ஆவணத்துக்குப் பொருந்தாது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, கருத்துக்கேட்புக் கூட்டத்தில் வெளிப்பட்ட கருத்துகளையும் கவலைகளையும் சரியாகத் தொகுத்து எழுதி, கூட்ட முடிவில் அவையோர்க்கு வட்டார மொழியில் படித்து விளக்க வேண்டும் என்கிறது. மாவட்ட ஆட்சியர் ஒப்பமிடும் அக்குறிப்பே பின்னர் வல்லுநர் குழுவின் மேசைக்குச் செல்கிறது. அங்கிருப்போர் பழவேற்காட்டைப் பார்த்திராமலிருக்கலாம்; தமிழ் அறியாமலும் இருக்கலாம். குப்பத்துப் பெண் ஒருவர் ஒலிபெருக்கி முன் சொன்ன 'எங்களுக்குப் பொறுக்கல' என்பது அக்குறிப்பில் எவ்வடிவம் பெறுகிறது என்பதில் ஓர் ஊரின் வழக்கே அடங்கியிருக்கிறது. 'பங்கேற்றோர் தூண்டுதலுக்கு உள்ளாகியிருந்தனர்' என்று எழுதப்பட்டால் ஆங்கிலத்தில் அது இன்சைட் என்றே திரும்பிச் செல்லும். நான்காம் வேற்றுமையில் பேசியவர் இரண்டாம் வேற்றுமையில் தில்லிக்குப் போய்ச் சேர்வார்.

தமிழ்த்துறைகள் இதில் செய்யக்கூடியது சிறிதன்று. ஆட்சித்தமிழ்ப் பாடத்தில் கடிதம் எழுதக் கற்பிக்கிறோம். கூட்டக் குறிப்பு எழுதக் கற்பிப்பதில்லை. ஆங்கிலம்–தமிழ் அகராதிகளில் பிரவோக் என்பதற்கு நேரே ஒருபொருட்சொற்களை அடுக்குகிறோம். எழுவாயாக வருபவர் யார், எவ்வேற்றுமை ஏற்கும் என்று குறிப்பதில்லை. சொல்லுக்கு அருகில் 'தீங்கு செய்தவர் எழுவாய். சினந்தவர் நான்காம் வேற்றுமை' என ஒரு வரி சேர்த்தால் போதும், மாணவரும் செய்தியாளரும் எழுத்தரும் தடுமாறமாட்டார்கள்.

வரும் பருவத்தில் என் மூன்று தொடர்களோடு நான்காவதாக ஒன்றைத் தமிழிலேயே கொடுக்க எண்ணியிருக்கிறேன். கழிமுகத்தில் சாம்பல் படிந்தது. வலை வெறுமையாக வந்தது. குப்பத்தார் சாலைக்கு வந்தனர். இம்மூன்று தொடரையும் 'தூண்டு' என்னும் சொல் இல்லாமல் ஒரே தொடராக்கி, வினைமுதலை அடிக்கோடிடுக என்பது வினா.